குசினிக் கிடுகும் ஆற்றுப் பாலமும்

கல்முனையிலிருந்து தெற்கே போகிற பஸ் அந்தக் காலத்தில் எங்கள் ஆற்றடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் போக வீதி இல்லை. ஆட்கள் இறங்கி, மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய நடந்து, பாதைக்காகக் காத்திருப்பார்கள். இரண்டு வள்ளங்களை அருகருகே கட்டி மேலே பலகை அடித்த மிதவையைத்தான் நாங்கள் பாதை என்று சொல்வோம். கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய கம்பியைக் கையால் பற்றி இழுத்துக்கொண்டு அக்கரை சேர்ப்பார்கள். மருதமுனையிலிருந்து கைத்தறிச் சாறன் பொட்டணி கொண்டுபோகிறவர், சாய்ந்தமருது மீன்கூடைக்காரர், தம்பிலுவிலுக்குத் திரும்பும் தச்சர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் பிள்ளைத்தாய்ச்சி, ஒரு சோடி மாடு, யாருடையதென்று தெரியாத ஓர் ஆடு என்று எல்லாம் ஒரே பலகையில் நிற்கும். ஆறு பேசாமல் கிடந்தால் ஒரு பீடி எரிந்து முடிவதற்குள் அக்கரை வந்துவிடும். மாரியில் நீர் இழுக்கத் தொடங்கினால் பாதைக்காரர் கம்பியைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு இக்கரையாருக்கு இக்கரை, அக்கரையாருக்கு அக்கரை.

இன்று அந்த இடத்தில் பாலம் நிற்கிறது. படிப்புக்காக வெளியூர்களுக்குப் போய் வருகிற நான் அதைவிட நீண்ட பாலங்களைக் கண்டிருக்கிறேன். இரும்பில் கட்டியவை, வளைவு வைத்தவை, இரவில் விளக்கெரிபவை. ஒன்றின் மீதும் எனக்கு இத்தனை மதிப்பு வந்ததில்லை. எங்கள் பாலத்துக்கு அலங்காரம் எதுவும் கிடையாது. ஐந்தாறு தூண்கள், மேலே தட்டு, இரண்டு பக்கமும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அவ்வளவுதான். ஆனால் அது எழுந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு கலியாணம் அதை நம்பிக் காத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு புறப்பட்டுப் பெண்வீட்டில் குடியேற வேண்டும். ஆகவே ஆண்பிள்ளையைப் பெற்ற தாய்க்குத்தான் பிரிவு. எந்தத் திசையில் மகனைக் கொடுப்பது என்று அவள்தான் கவலைப்படுவாள்.

அண்ணனை நாங்கள் காக்கா என்போம். என் காக்காவுக்கு வாப்பா வயலில் வைத்தே சம்பந்தம் பேசிவிட்டு வந்தார். பெண்ணின் தகப்பனுக்கு வயல் வாப்பாவின் வயலுக்கு அடுத்தது. வந்து, கைகால் கழுவி, தேத்தண்ணீர் குடித்து, பிறகு மெல்லச் சொன்னார்.

"நல்ல மனுசன்கா. என்ட வரம்புக்கு அடுத்த வரம்பு. இத்தன வருசத்துல ஒரு சாண் தண்ணிக்குச் சண்ட புடிச்சதில்ல."

உம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார். "ஊடு ஆத்துக்கு இஞ்சாலயா, அங்காலயா?"

"அங்காலதான். அதுக்கென்ன, கண்ணுக்குத் தெரியிற தூரம்."

"என்ட காக்காட ஊடும் கண்ணுக்குத் தெரியிற தூரந்தான்."

எங்களுக்கு அந்தக் கதை தெரியும். உம்மாவின் மூத்த சகோதரர், எங்கள் மாமா, அக்கரையில்தான் மாப்பிள்ளையாகிப் போனவர். ஒரு மாரியில் அவருடைய தாய் மௌத்தானார். ஆறு இழுத்துக்கொண்டு கிடந்தது, பாதை ஓடவில்லை. மாமா அக்கரை மணலில் வந்து நின்று கைகளை ஆட்டிக்கொண்டிருந்தாராம். இக்கரையில் மய்யித்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்திருக்க முடியும்? அடக்கி முடித்து ஆட்கள் திரும்பிய பிறகும் அவர் அங்கேயே நின்றாராம். நீர் வடிந்து அவர் வந்தபோது கபுறடி மண் காய்ந்துபோயிருந்தது. அந்தக் கைகளைத்தான் உம்மா மறக்கவில்லை.

வாப்பா மறுபடியும் ஒருநாள் கதையை எடுத்தபோது உம்மா ஒரு வழி சொன்னார்.

"வண்டி போற பாலம் ஒண்டு வரட்டும். வந்தா குடுக்கிறன். அல்லாவுக்காகச் சொல்றன், வந்தா குடுக்கிறன்."

அது சம்மதம் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. பாலத்துக்கென்று அளக்கிற ஆட்கள் வந்து ஆற்றங்கரையில் முளை அடித்துவிட்டுப் போவதும், அடுத்த மாதமே யாராவது அந்த முளையைப் பிடுங்கி ஆடு கட்டுவதுமாகப் பல வருடங்கள் போயிருந்தன. இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று சொல்ல உம்மா கண்ட வழி அந்தப் பாலம். பெண்ணின் தகப்பனும் நல்ல மனிதர். "பாக்கலாம், ஒரு வருசம் ரெண்டு வருசம் பொறுப்பம். அதுக்கு மேல என்ட புள்ளய வெச்சிக்கொண்டிருக்கேலா," என்று சொல்லியனுப்பினார்.

அடுத்த கோடையில் லொறிகள் வந்தன. கல், கம்பி, சீமெந்து, பலகை. முளை இருந்த இடத்தில் தகரக்கொட்டில் எழுந்தது. வேலையை மேற்பார்க்க யாழ்ப்பாணத்து ஓவசியர் ஒருவர் தொப்பியும் குடையுமாக வந்து இறங்கினார். உம்மா செய்தியைக் கேட்டுவிட்டு, "கொட்டில்தானே போட்டிரிக்கான், பாலம் போடல்லயே," என்றார்.

காக்கா வாப்பாவோடு வயல் செய்கிறவர். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் கையில் வேலையில்லாத நாட்கள் உண்டு. யாரிடமும் சொல்லாமல் போய் ஓவசியரிடம் பெயரைக் கொடுத்துச் சாந்துச்சட்டி தூக்கச் சேர்ந்துவிட்டார். ஊருக்கு வேறு வேலை இல்லை. பாதைக்குக் காத்து நிற்கிற எல்லோருக்கும் காக்கா ஒரு பொழுதுபோக்கானார்.

"அடேய், ஊருல மத்தவன் எல்லாம் சீதனத்துக்கு ஊடு கேப்பான், வளவு கேப்பான். இவன் பாலம் கேட்டிரிக்கான்டா!"

"மாப்புள, சாந்தக் கொஞ்சம் கூடப் போடு. ஒன்ட மாமியும் இதாலதான் வரணும், பாரம் தாங்கோணும்."

காக்கா சட்டியை இறக்காமலே திருப்பிக் கொடுப்பார். "கேட்டது நானில்ல, என்ட உம்மா. அவக்கிட்டப் போய்க் கதைங்க பாப்பம்." உம்மாவின் பெயரைச் சொன்னதும் அவர்கள் பாதையில் ஏறிவிடுவார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கே போய்விடுவேன். எங்கள் குடும்பத்தில் பாடப்புத்தகத்தைத் தொட்ட முதல் ஆள் நான். ஆனாலும் ஆற்றின் நடுவில் கிணறு இறக்குவார்கள் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சீமெந்தில் ஒரு பெரிய வளையம் வார்த்து மணலில் நிறுத்துவார்கள். உள்ளே ஆட்கள் இறங்கி மணலைத் தோண்டத் தோண்ட, வளையம் தன் பாரத்தால் தானே கீழே போகும். அது போகப்போக மேலே இன்னொரு வளையம். இப்படி ஆற்றின் அடியில் கெட்டிநிலம் தட்டுப்படும்வரை. அந்தக் கிணற்றை நிரப்பி அதன் தலையில்தான் தூண் எழும்பும். கண்ணுக்குத் தெரிகிற தூண் கொஞ்சந்தான், மண்ணுக்குள் போன தூண்தான் அதிகம் என்று அறிந்த நாளில், பெரிய அதிசயம் ஒன்றைக் கண்டவன் போல வீட்டுக்கு ஓடினேன்.

"தண்ணிக்குள்ளயும் சீமெந்து இறுகுமாம் உம்மா."

"ஒன்ட புத்தகத்துல எங்கட ஆத்தப் பத்தி எழுதியிரிக்கா?"

"இல்ல."

"அப்ப அது வேற தண்ணி."

ஆனால் மறுநாள் அவரே கேட்டார். "எத்தன தூண் எழும்பிட்டாம்?" நான் சொன்னேன். "தூண் நிண்டாப் போதுமா, மேல தட்டு வேணாமா?" என்றார். இப்படி ஒவ்வொரு நாளும் கேட்பார். ஒரு தடவைகூட ஆற்றடிக்கு வந்து பார்த்ததில்லை.

வேலை செய்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேசன்மார் சிங்களவர், தச்சர்கள் தம்பிலுவில் தமிழர், மண்ணும் கல்லும் சுமந்தவர்கள் எங்கள் ஊரார். வெள்ளிக்கிழமை பகலில் எங்கள் ஆட்கள் ஜும்ஆவுக்குப் போவார்கள், பௌர்ணமிப் போயாவுக்கு மேசன்மார் போவார்கள், கோயில் கொடியேறினால் தச்சர்கள் போவார்கள். ஓவசியர் தலையில் கைவைத்துக்கொள்வார். "ஒருத்தருக்கு வெள்ளி, ஒருத்தருக்குப் போயா, ஒருத்தருக்குத் திருவிழா. இந்த ஆத்துக்கு மட்டும் ஒரு லீவும் இல்லையப்பா!" ஆனாலும் அவர்கள் செய்த வேலையை நான் இன்றைக்கும் வியக்கிறேன். நடு ஆற்றில் காற்று ஆட்டுகிற ஒரு பலகையில் நின்றுகொண்டு, ஒருவர் மொழி மற்றவருக்குப் பாதி விளங்காமல், ஒரு கம்பி கோணாமல் கட்டினார்கள்.

தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைக் கண் என்பார்கள். கரையோரக் கண்கள் எல்லாம் முடிந்து நடுக்கண் ஒன்றே மிச்சமிருந்தபோது சீமெந்து வரத் தாமதித்தது. வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்துகொண்டிருந்தது. வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. ஓவசியர் துணிந்து நடுக்கண்ணுக்குக் கொங்கிறீட் போட வைத்தார். ஆற்றின் அடியிலிருந்து மரமுட்டுகளை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை பரப்பி, அதில்தான் சாந்தை ஊற்றுவது. சாந்து இறுகித் தன் காலில் நிற்கும்வரை முட்டுகள்தான் தாங்க வேண்டும். அது ஊற்றி முடிந்த அன்று மாலை மலைப்பக்கம் கறுத்தது. விடியும்போது நல்ல மழை.

இனி நான் சொல்வது எங்கள் ஆற்றின் குணம். கோடையில் ஆறு மெலிந்து போகும்போது கடல் மணலை அள்ளிவந்து அதன் வாயை அடைத்துவிடும். ஆறு குளம் போலக் கிடக்கும். மாரி பிடித்து மேலேயிருந்து நீர் வரத் தொடங்கினால் அது போக வழியில்லாமல் பின்வாங்கி இரு கரை வயல்களிலும் ஏறும். அப்போது ஊர் கூடி ஆற்றுவாய் வெட்டும். பள்ளிவாசலில் அறிவித்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும், கரைவலைக்காரத் தமிழரும் வருவார்கள். பாத்திஹா ஓதி முதல் வெட்டு. ஓர் ஆள் நடக்கிற அளவு ஒரு வாய்க்கால் கடல்வரை கீறிவிட்டால் போதும், மிச்சத்தை ஆறே பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல்மேடு கரைந்து சரிய, ஆறு பெரிய இரைச்சலோடு கடலுக்குள் பாயும். வயல் வடியும், இறால் ஓடும், எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பாய்ச்சலில் ஒரு மரமுட்டும் நிற்காது என்பதுதான் அந்த வருடத்துப் புதுச் சங்கதி. வருடாவருடம் வெட்டுகிற கைகளுக்கு அப்படி ஒன்றை நினைக்கவே தோன்றவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வழக்கம்போல, "நாளைக்கு வாய் வெட்டு," என்று அறிவித்துவிட்டார்கள்.

நாங்கள் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது ஓவசியர் மழையில் நனைந்தபடி வேலிக்கு அருகே நின்றார். தொப்பியும் மடித்த குடையும் கையில் இருந்தன. காக்கா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். வாப்பா வயல்காரர்களோடு நின்றார். அவருடைய வயல்தான் எல்லாவற்றிலும் தாழ்ந்தது.

"உங்கட வயல் தாழுறது எனக்குத் தெரியாமலில்லை," என்று ஓவசியர் தொடங்கினார். "நடுக்கண் இன்னும் பச்சை. கீழ நிக்கிற முட்டுத்தான் அதைத் தாங்குது. தண்ணி ஏறினால் பயமில்லை, இழுத்தால்தான் பயம். நீங்கள் வாயை வெட்டினால் முட்டுப் போகும். முட்டுப் போனால் கண் போகும். கொஞ்ச நாள் பொறுங்கோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"வெட்டாட்டி எங்கட வெள்ளாம போகும் ஐயா."

"எத்தின நாள் பொறுப்பியள்?"

"இப்பதான் மொளச்ச நெல்லு. அது தண்ணிக்குள்ள எத்தன நாள் மூச்சுப் புடிக்கும் எண்டு நீங்களே சொல்லுங்க."

பின்னாலிருந்து ஒருவர் சத்தமாக, "ஓவசியர் ஐயாக்கு மழ வாற மாசம் தெரியாதாக்கும்!" என்றார்.

"மழை வாற மாசம் தெரியும் தம்பி. சீமெந்து வாற மாசந்தான் தெரியாமல் போச்சு."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒரு கரைவலைக்காரர் வாப்பாவையும் காக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். "தகப்பன் மண்வெட்டியோட, மகன் சாந்துச்சட்டியோட. நாங்க யார்ர பக்கம் நிக்கிறது?"

வாப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். பாலம் விழுந்தால் அடுத்த கோடைவரை வேலை இல்லை. பெண்வீட்டார் அதுவரை பொறுக்க மாட்டார்கள். வெட்டாவிட்டால் நெல் இல்லை. இரண்டுமே அவருடைய வீட்டுக்குள்தான் வந்து விழுந்தன. அவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார்.

"வாய்க்கால் உடைஞ்சா என்ன செய்யிறம்? கட்ட அடிச்சு, கிடுகு வெச்சு, கட்டிக்கட்டி உடுறம். அதுமாதிரி இதையும் கட்டி உட்டா?"

"ஆத்தயா?" என்று யாரோ கேட்டார்.

"ஆறெண்டாலும் வாய் நாங்க வெட்டுற வாய்தானே."

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். தெற்கு மூலையில் வெட்டினால் மணல்மேடு அகலம், நீர் நீளத்துக்கு ஓடிச் சோர்ந்துதான் கடலில் விழும் என்றார் கரைவலைக்காரர். பாலத்தில் ஆள் நின்று முட்டுகளைப் பார்க்க வேண்டும், ஆட்டம் கண்டால் சாறனை ஆட்ட வேண்டும், ஆட்டினால் வாயைக் குறுக்க வேண்டும் என்றார் ஓவசியர். அவரே மணலில் குடைக்கம்பியால் கோடு கீறிப் பார்த்தார்.

"கரையை எதால கட்டுவியள்?"

"தென்னங்கட்டையும் கிடுகும்."

"எவ்வளவு கிடுகு வேணும்?"

"ஊருல இரிக்கிற அவ்வளவும்."

மழை பிடித்த பிறகு ஊரில் எங்கே பின்னிய தென்னங்கிடுகு இருக்கும்? எல்லோருடையதும் கூரைக்குப் போய்விட்டது. வண்டியோடு வீடுவீடாகப் போனோம். சிலர் வேலியைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் ஆட்டுக்கொட்டிலின் கூரையைக் கழற்றிக் கொடுத்து, ஆட்டைச் சமைக்கிற குசினிக்குள் கட்டினார். எல்லாம் பழங்கிடுகு. தொட்டால் உதிர்ந்தது. புதுக்கிடுகு ஓர் இடத்தில்தான் இருந்தது. எங்கள் குசினிக்குப் பின்னால்.

அது உம்மா கோடை முழுவதும் ஓலை ஊறவைத்துத் தன் கையால் பின்னியது. குசினிக்கூரை பழுது. விதைப்பு வேலையில் வாப்பாவுக்குக் கூரை மேய நேரமில்லை, இன்றைக்கு நாளைக்கு என்று இருந்தபோதுதான் மழை முந்திக்கொண்டது. வெயில் காட்டினால் மேய்ந்துவிடலாம் என்று கிடுகை அடுக்கி மூடி வைத்திருந்தார்.

வண்டி எங்கள் வேலிப் படலையில் வந்து நின்றது. காக்கா உள்ளே வரவில்லை. வெளியே மழையில் நின்று மாட்டின் கழுத்துக்கயிற்றைத் திருத்திக்கொண்டிருந்தார். கயிறு சரியாகத்தான் இருந்தது. நான்தான் உள்ளே போனேன். குசினியில் மூன்று நான்கு இடத்தில் ஒழுகியது. ஒவ்வோர் ஒழுக்குக்கும் ஒரு சட்டி வைத்திருந்தார் உம்மா. கிடுகைக் கேட்கத்தான் வந்தேன். கேட்டால் கிடுகை மட்டுமா கேட்கிறேன்? இந்த மனுசி ஒன்றும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல், அடுப்படியில் இருந்துவிட்டாலே போதும். ஆறு தானாகவே அவருக்காகப் பேசிவிடும். மகன் இக்கரையிலேயே இருப்பான். கொடுத்த சொல்லும் தவறாது.

"நாளைக்கு வெட்டாம்," என்றார்.

"ஓம் உம்மா."

"கிடுகு காணுமா?"

"காணாது."

சட்டியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. உம்மா ஒரு சட்டியை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு அதே இடத்தில் வைத்தார். பிறகு இன்னொன்றை. எல்லாச் சட்டியையும் ஊற்றி முடித்தார். மண்ணெண்ணெய்ப் போத்தலைச் சுவரோரமாக நகர்த்தினார். அடுப்புக்கு மேலே கூரையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"பொறத்தால கிடக்கிற அடுக்க எடு," என்றார். "மேல கிடக்கிறது எளம் ஓல, அத அடியில வெக்கச் சொல்லு. முத்தல் கிடுகத் தண்ணி அடிக்கிற பக்கம் வெக்கச் சொல்லு. வெளங்கிச்சா?"

"ஓம் உம்மா."

"அவன வந்து தின்னுட்டுப் போகச் சொல்லு. படலக்குள்ள நிக்கிறான், இப்பவே அடுத்த ஊட்டு ஆள் மாதிரி."

காக்கா வந்து, ஒழுகாத மூலையில் குந்தி, தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். உம்மா மீன்துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்தார்.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஊரே ஆற்றுவாயில் நின்றது. பாத்திஹா ஓதினார்கள். தெற்கு மூலையில் வெட்டத் தொடங்கினார்கள், நேராக அல்ல, சரிவாக நீளத்துக்கு. வெட்டிக்கொண்டு போகப் போகவே இரு பக்கமும் தென்னங்கட்டைகளை அறைந்து, கிடுகைச் சார்த்தி, மணல் மூட்டை போட்டு மிதித்தார்கள். ஆற்றுமுனையில் ஒரு கதவு மாதிரிக் கிடுகை அடுக்கி, கயிற்றால் தூக்கவும் இறக்கவும் வைத்தார்கள். வாப்பா அந்தக் கதவடியில் இடுப்பளவு நீரில் நின்றார். காக்கா பாலத்தில், நடுக்கண்ணுக்கு நேரே, ஓவசியரோடு நின்றார். ஒருவரை ஒருவர் காண முடியாத வளைவு என்பதால் இடையில் ஒரு மணல்மேட்டில் என்னை நிறுத்தினார்கள். பாலத்தில் சாறன் ஆடினால் நான் ஆட்ட வேண்டும், நான் ஆட்டினால் வாப்பா கதவை இறக்க வேண்டும்.

நீர் புறப்பட்டது. வழக்கமான இரைச்சல் இல்லை. வாய்க்காலில் ஓடுகிற மாதிரி ஒழுங்காக ஓடிக் கடலில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பாலத்தில் சிவப்புக்கட்டம் போட்ட சாறன் ஆடியது. நான் ஆட்டினேன். கதவு இறங்கியது. முட்டுகள் அடங்கியதும் அங்கே சாறனை மடித்தார்கள், நானும் மடித்தேன். கதவு ஏறியது. இப்படியே ஓர் ஆற்றை ஊரார் கையால் பிடித்துப் பிடித்து விட்டார்கள். இதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

பகலில் ஒருதடவை வடக்குப் பக்கக் கிடுகுச் சார்வு புடைத்து வெளியே தள்ளியது. பழங்கிடுகு வைத்திருந்த இடம். ஆட்கள் நீருக்குள் குதித்து முதுகைக் கொடுத்துத் தாங்கினார்கள். எங்கள் ஆளும் கரைவலைக்காரரும் தோளோடு தோளாக நின்றார்கள். "மச்சான், ஒன்ட முதுகு கிடுக விட நல்லாரிக்கி, நாளைக்கும் வா!" என்று ஒருவர் கத்த, நின்றவர்கள் சிரித்ததில் நீர் வாய்க்குள் போனது. உம்மாவின் கிடுகைக் கொண்டுவந்து அந்த இடத்தில் இரட்டையாகச் சார்த்திக் கட்டிய பிறகுதான் முதுகுகளை எடுத்தார்கள்.

அன்றும் அதற்கடுத்த நாட்களும் முறை வைத்து நின்றார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. வயல் நீர் மெல்ல மெல்ல இறங்கி, நெல்லின் நுனி வெளியே தெரிந்தது. ஒரு காலையில் ஓவசியர் நடுக்கண்ணில் ஏறி, குதிக்காலால் தட்டிப் பார்த்து, ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, பிறகு தன் கையாலேயே சாறனை எடுத்துச் சுழற்றினார். கட்டைகளைப் பிடுங்கச் சொல்லும் அடையாளம் அது. பிடுங்கினார்கள். ஆறு இத்தனை நாள் அடக்கிவைத்த இரைச்சலை எல்லாம் சேர்த்துக் கடலுக்குள் பாய்ந்தது. மரமுட்டுகள் ஒவ்வொன்றாக முறிந்து மிதந்து போயின. எல்லோரும் மூச்சை அடக்கிப் பாலத்தைப் பார்த்தார்கள். நடுக்கண் ஒன்றுமே நடக்காதது போல நின்றது. கரையில் நின்ற பெண்கள் குரவையிட்டார்கள். ஓவசியர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையா வியர்வையா என்று நான் கேட்கவில்லை.

வாப்பாவின் தாழ்ந்த வயலில் ஒரு பங்கு அழுகிவிட்டது. அதை மறுபடி விதைத்தார். அந்த மாரி முழுவதும் உம்மா குடை பிடிக்காத குறையாகச் சமைத்தார். அடுப்பு அணைந்துபோகிற ஒவ்வொரு தடவையும் பாலத்துக்கு ஓர் ஏச்சு விழுந்தது. ஏசினாரே தவிர, கொடுத்த சொல்லைப் பற்றி மறுபேச்சுப் பேசவில்லை.

அறுவடை முடிந்ததும் கலியாணம். பாலத்தில் முதலில் போன ஊர்வலம் எங்கள் காக்காவின் மாப்பிள்ளை ஊர்வலம்தான் என்று எங்கள் ஊரார் சொல்வார்கள். அது சரியல்ல, அதற்கு முன் நெல்வண்டிகள் போயிருந்தன. ஆனால் பீங்கான் தட்டுகளும் பட்டுக்குடையும் பைத்துப் பாட்டுமாகப் போனது அதுதான் முதல். சாந்துச்சட்டி சுமந்த தலையில் தொப்பி வைத்துக்கொண்டு காக்கா நடுக்கண்ணைக் கடந்தபோது, கைப்பிடிச் சுவரில் குந்தியிருந்த தச்சர் ஒருவர், "மாப்புள, மெல்லப் போ, பாரம் தாங்குமா தெரியாது!" என்று கத்தினார். பெரிய சிரிப்பு. உம்மா வரவில்லை. மாப்பிள்ளையின் தாய் ஊர்வலத்தோடு போவது எங்கள் வழக்கமல்ல. படலையில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் பாலத்தைக் கண்டது சம்பந்தி வீட்டு விருந்துக்கு அழைத்துப் போன நாளில்தான். கூடாரவண்டியில் உம்மாவும் வாப்பாவும் நானும். பாலத்தில் ஏறியதும் சக்கரத்தின் சத்தம் மாறியது. உம்மா வண்டியின் கம்பை இறுகப் பிடித்தார்.

"எது, அந்தக் கண்?"

நான் காட்டினேன். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கைப்பிடிச் சுவரில் கைவைத்துக் கீழே பார்த்தார். ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஆற்றுவாயில் அலை வெள்ளையாக உடைந்தது. அங்கே கிடுகும் இல்லை, கட்டையும் இல்லை.

பிறகு செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் தட்டை அழுத்திப் பார்த்தார்.

"நல்லா இறுகிட்டா?"

"இறுகிட்டு உம்மா. இனிக் கல்லுதான்."

"மாரியிலயும்?"

"மாரியிலயும்."

உம்மா அக்கரையைப் பார்த்தார். அங்கே பாலத்தின் தலைமாட்டில் காக்கா வந்து நின்று, எங்களைக் கண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தார். உம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தபடி நின்றார். காக்கா கையை இறக்கிவிட்டு எங்களை நோக்கி நடந்து வரத் தொடங்கினார்.

"ஓடி வாறான் பாரு," என்றார் உம்மா. "நேத்துக் காலயிலயும் வந்து தின்னுட்டுத்தான் போனான். பொஞ்சாதி என்ன நினைப்பாள்."

வண்டியில் ஏறிக்கொண்டு அக்கரைத் தென்னைகளை அளவெடுப்பது போலப் பார்த்தார். "அங்கால தென்ன நெறைய நிக்கி. கிடுகு பின்னியிரிப்பாங்க. கேளுங்க," என்றார் வாப்பாவிடம். "எங்கட கிடுகு போட்ட பாலத்தால அவங்கட கிடுகு வரட்டும்."

விருந்து முடிந்து திரும்பும்போது வண்டியில் எங்களுக்கு இடமில்லை. குசினிக்கூரைக்குக் காணும் அளவு புதுக்கிடுகு கூடாரத்தின் பாதிவரை ஏறியிருந்தது. உம்மா மட்டும் கிடுகின் மேல் உட்கார்ந்து வந்தார். சம்பந்தியும் வாப்பாவும் காக்காவும் நானும் பாலத்தால் நடந்து வந்தோம்.